படகோட்டி லூர்து

நாங்கள் நான்கு பேர் நான்கு ஊர்களிலிருந்து இணையத்தில் கூடி ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நான் சொல்வேன். பாத்திரங்களின் உயிர் பகடையில் இருக்கும். அவரவர் வீட்டில் உருட்டி எண்ணைச் சொல்லிவிட வேண்டும். யாரும் சரிபார்ப்பதில்லை. பகடை மேசையில் உருளும் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்.

ஜெசிந்தா தன் படகோட்டிக்கு அப்பாவின் பெயரை வைத்திருந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் தனியாக இறந்தபோது அவள் தோஹாவில் இருந்தாள். அடக்கத்தையே போனில்தான் பார்த்தாள்.

அன்றைய ஆட்டத்தில் ஒரு குகைக்குள் படகோட்டி லூர்து அம்பு பட்டுக் கிடந்தார்.

“ஒண்ணு விழுந்தா மட்டும்தான் சாவு. தைரியமா உருட்டு ஜெசி,” என்றேன்.

“அதுக்கு முன்னாடி யாராவது அவர் தலைய மடியில வச்சுக்கிறீங்களா?”

“என் வீரன் வச்சுக்கிட்டான்,” என்றான் ரியாஸ்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க.”

“குடுத்தாச்சு.”

பிறகு, “ஒண்ணு,” என்றாள் ஜெசிந்தா.

“பரவாயில்ல, இன்னொரு தடவ உருட்டு.”

“வேண்டாம். இப்ப எல்லாரும் பக்கத்துல இருக்கீங்கல்ல.”

அவள் மைக் திறந்தேதான் இருந்தது. பகடை உருண்ட சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.