விற்காமல் வந்த ஆல்பம்

"மனசு வரலைம்மா. கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

மாமனார் துணிப்பையைச் சோபாவில் வைத்தார். காலையில் விற்க எடுத்துப் போன பழைய ரூபாய் நோட்டு ஆல்பம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

மருமகளின் மடியில் மகள் வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. உதடு இன்றைக்கும் நீலம் பாரித்திருந்தது. இதயத்தில் ஓட்டை. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது.

"நீங்களாத்தானே மாமா சொன்னீங்க? நாப்பது வருஷமாச் சேர்த்தது, இதை வித்தா ஆபரேஷனுக்குத் தாராளமாப் போதும்னு?"

"சொன்னேன்."

"இப்ப?"

"சேர்த்தவனுக்குத்தானே தெரியும் அந்தக் கஷ்டம்."

ரூபாயை நூறு காசாகப் பிரிக்கும் கணக்கு வருவதற்கு முந்தைய நோட்டுகள் அவை. இன்றைக்கு அவற்றை நீட்டினால் பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய்கூடத் தரமாட்டார்கள். ஆனால் சேர்க்கிறவர்கள் கொட்டிக் கொடுத்து வாங்குவார்கள். அதையும் சொன்னவர் அவரேதான்.

அறையிலிருந்து கணவன் வந்தான். "கடைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்டாராப்பா?"

"நான் உள்ளேயே போகலைடா."

"காகிதம் மாமா அது," என்றாள் அவள். "வெறும் காகிதம். உங்க பேத்தியை விடவா அது பெருசு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பெருசுன்னே வச்சுக்கோம்மா."

அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மேசையில் வைத்து, தட்டால் 'டங்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் அழைப்பு.

அவளுடைய நகைகள் போயின. கணவனின் ஸ்கூட்டர் போனது. ஆபீஸில் கடன் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வாலுவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்தபடி, பாதித் தூக்கத்தில் கழித்தாள் அவள்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசி நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னபோது எழுந்து நின்றார். கிட்டே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாலு கேட்டாள். "தாத்தாகிட்டப் போறேம்மா."

"தாத்தாவுக்கு நீ எதுக்கு? அவருக்குத்தான் காகிதம் இருக்கே."

அவர் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மதியம் படுத்தவர், சாயங்காலம் எழுந்திருக்கவில்லை.

வாலுவின் மருந்துச் செலவு மட்டும் நின்றபாடில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் அதே ஆல்பத்தை அதே துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். உயிரோடு இருந்தவரை தராததை இப்போது தரட்டுமே.

கடைக்காரர் இடுக்கியால் ஒரு நோட்டை உருவி விளக்குக்கு நேரே பிடித்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஆல்பத்தை நான் பார்த்திருக்கேனே. பெரியவர் வரலியா?"

"தவறிட்டார்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அடடா. நீங்க அவர் பொண்ணாம்மா?"

மருமகள் என்றால், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்பாரோ? சும்மா தலையாட்டி வைத்தாள்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. இதெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாதும்மா. அன்னிக்கு இதே மேசையில பிரிச்சப்பதான் அவருக்கே தெரிஞ்சது. யாரோ எல்லா நோட்டையும் சோப்புத் தண்ணியில அலசி, இஸ்திரி போட்டிருக்காங்க."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுக்கு இருக்கலாம், மடிப்பு இருக்கலாம். அச்சடிச்சப்ப இருந்த மொடமொடப்பு போயிடக் கூடாது. தடவினா எழுத்து மேடு தட்டுப்படணும். சூடு பட்டா எல்லாம் செத்துடும். நான் தலையில கை வச்சுட்டேன். அவர் என்னடான்னா சிரிக்கிறார். 'பார்த்தீங்களா, என் சட்டையைத் தேய்க்கிற மாதிரியே ஒரு சுருக்கம் இல்லாமத் தேய்ச்சிருக்கா என் மருமக'ங்கிறார். அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தார்."

விற்கப் போகும் பொருள். அழுக்காக இருந்தால் விலையைக் குறைத்துவிடுவார்களே என்றுதான், அவர் கடைக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம், அவர் தூங்கும்போது, அவள்தான் அத்தனையையும் எடுத்து அலசித் தேய்த்து வைத்திருந்தாள். கடையில் பிரித்துப் பார்த்து அவரே சந்தோஷப்படட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

"வீட்ல போய் என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்டேன். 'விக்க மனசு வரலைன்னு சொல்லிடுவேன். குழந்தைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, தன் கையாலதான் போச்சுன்னு அந்தப் பொண்ணு காலம் பூரா வேகும். அவ என்னைக் கஞ்சன்னு திட்டட்டும், நான் ஒண்ணும் குறைஞ்சுட மாட்டேன்' அப்படின்னார்."

கடைக்காரர் ஆல்பத்தை மூடி, பையில் போட்டு, அவள் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்கம்மா. உங்க அண்ணி காதுல மட்டும் இதைப் போட்டுடாதீங்க. பெரியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"சரி," என்றாள் அவள். "சொல்லலை."