ஆறாவது வக்கீல்

ஐந்தாவது வக்கீலின் அலுவலகத்திலிருந்தும் யுக் லான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் இறங்கி வந்தாள். காரில் காத்திருந்த தோழி ஜூலியானாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இவரும் வேணாமா?”

“வேணாம். பேசும்போது பேனாவையே கடிச்சுக்கிட்டு இருக்கார்.”

“நேத்து பார்த்தவர் ரொம்பச் சிரிக்கிறார்னு சொன்னே. அதுக்கு முந்தினவர் வழுக்கைன்னு சொன்னே. மாப்பிள்ளை பார்க்கும்போது இவ்வளவு பார்த்திருந்தா, இப்ப வக்கீலே தேவைப்பட்டிருக்காதுடி!”

யுக் லானுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருடம் விடியுமுன் எழுந்து, மாவு பிசைந்து அவள் வளர்த்த ரொட்டிக்கடை. ஆனால் உரிமம் மட்டும் புருஷன் சின் ஃபாட் பேரில் இருக்கிறது.

தாவாவ் ஊர்க்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்தப் போனவன், போன வாரம் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது வந்து நின்று கத்தினான். “இந்த ஊர்லேயே நல்ல வக்கீலா வச்சு, இந்த வாசப்படியைக்கூட நீ மிதிக்க முடியாம பண்றேன் பாரு!”

நினைத்தாலே அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவனைத் தெருத்தெருவாக அலைய விடாமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள்.

“வண்டியை எடு. இன்னும் ஒருத்தர் பாக்கி” என்றாள்.

ஆறாவது வக்கீல் கிளாடிஸ், சின்னப் பெண். யுக் லான் கல்யாணநாளிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் கொட்டி, தேம்பித் தேம்பி அழுதாள்.

“எல்லாம் எழுதிக்கிட்டியாம்மா? என் பேரு, அவன் பேரு, ரெண்டும் ஃபைல்ல இருக்கா?”

“இருக்கு ஆன்ட்டி. நீங்க சொன்னது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது. கேஸை நான் எடுத்துக்கட்டுமா?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

கதவைத் திறந்தால், எதிரே சின் ஃபாட் நின்றுகொண்டிருந்தான். கக்கத்தில் ஒரு கோப்பு. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெண்டாட்டியைக் கண்டதும் அவன் முகம் தொங்கிப் போனது.

பின்னாலேயே வந்த கிளாடிஸ் நிலைமையைப் புரிந்துகொண்டாள். “மன்னிச்சுக்குங்க அங்கிள். ஆன்ட்டி அவங்க பக்கத்தை முழுசா என்கிட்ட சொல்லிட்டாங்க. இனி நான் உங்களுக்காக நிக்க முடியாது. அது எங்க தொழில் விதி.”

“காலையிலேருந்து ஒவ்வொருத்தரும் முடியாது, முடியாதுன்னே சொல்றாங்க! அஞ்சு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன்!” சின் ஃபாட்டின் குரல் உடைந்தது. “ஊர்ல குடும்பக் கேஸ் எடுக்கிறதே ஆறு பேருதான். கோலாலம்பூர்லேருந்து ஆளைக் கூட்டிட்டு வரலாம்னா, நம்ம சபா மாநிலத்துக் கோர்ட்ல வெளியூர் வக்கீலுங்க நிக்க முடியாதாம்!”

அவன் யுக் லான் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான். “ஒரு கேஸுக்கு எதுக்குடி ஆறு வக்கீல் வச்சிருக்கே?”

யுக் லான் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“இன்னும் ஒருத்தரையும் வைக்கல. யாரை வைக்கலாம், நீயே சொல்லு.”