காலை ஏழு மணி அழைப்பு

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வீட்டுச் சமையலறையில் ரெனாட்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைக்கிறாள். ஜன்னலில் பனியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது. அம்மாவின் கம்பளிச் சட்டையை மடிக்கிறாள், பிரிக்கிறாள், திரும்ப ஆணியில் மாட்டுகிறாள். சரியாக ஏழுக்குத் தொலைபேசி அலறுகிறது. “இர்ம்கார்ட்...” என்று அம்மாவின் பெயரைச் சொல்லித் தொடங்கிய குரல் சட்டென்று நிற்கிறது. பக்கத்துத் தெரு லொரெய்ன். அம்மா ஜெர்மனியிலிருந்து வந்திறங்கிய வருடம் முதல் அவளுக்கு உயிர்த்தோழி. “மன்னிச்சுக்கம்மா, கை பாட்டுக்கு நம்பரைச் சுத்திருச்சு. தினம் அவகிட்ட திட்டு வாங்கினாத்தான் எனக்குப் பொழுது விடியும்.” ரெனாட்டா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். அம்மாவின் அதே கரடுமுரடான ஜெர்மன் அழுத்தத்தோடு அதட்டுகிறாள்: “மாத்திரை போட்டியாடி, சோம்பேறி?” மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “இன்னும் இல்லடி. இரு, தண்ணி எடுத்துட்டு வர்றேன். வச்சிராத.”