கை தவறிடுச்சு

அப்பா பலமாகத் தும்மினார். அடுத்த நொடி, சம்பந்திகள் முன்னாலேயே, அம்மா கையிலிருந்த தண்ணீர் ஜக் அவர் மடியில் கவிழ்ந்தது.

"என்னம்மா நீ? போன வாரமும் இதே கூத்து! கண்ணைக் காட்டுன்னா கேக்கிறியா? நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம்" என்று மகன் சிடுசிடுத்தான்.

"கை தவறிடுச்சுப்பா."

அம்மா அப்பாவை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். வேறு பேன்ட்டும் புதுப் பேடும் எடுத்துக் கொடுத்தாள்.

"யாராவது கவனிச்சாங்களா?" என்றார் அப்பா.

"தும்மின உடனே கொட்டிட்டேனே. எல்லாம் தண்ணின்னுதான் நினைச்சிருப்பாங்க."

"புராஸ்டேட் கேன்சரை ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. ஒண்ணுக்கைத்தான் அடக்க முடியல. திட்டு உனக்கு விழுது. நாளைக்கு டாக்டர் உன் கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிட்டா?"

அம்மா ஈரப் பேன்ட்டை அலுப்போடு வாங்கிக்கொண்டாள்.

"கை நடுங்குதுன்னு சொல்லிக்கறேன்."