ஆற்றையோ வீட்டுக் கன்னிக்கால்

ஆழ்வாப்பிள்ளை தன் ஆட்டைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதைக் கண்டதும், நாகபூசணி ரீச்சருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது.

ஊர்காவற்றுறையில் ஆடுகளைக் கட்டிவைக்க இதுவரை எவராலும் முடிந்ததில்லை.

துறையடியிலிருந்து ஆஸ்பத்திரி வரை பொட்டு நிழல் இல்லாத தெரு. வள்ளத்தில் வந்து இறங்கும் நோயாளி, ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்ச் சேருமுன் இன்னொரு நோயையும் தேடிக்கொள்வான்.

ரீச்சரும் அவளுடைய தையல் வகுப்புப் பெட்டைகளும் வேம்பு வைத்தார்கள். ஆடு தின்றது. வாகை வைத்தார்கள். தின்றது. ஓலை வேலி அடைத்தார்கள். ஆடு வேலியில் தொடங்கி மரத்தில் முடித்தது. 'கன்றுகளைக் காப்போம்' என்று பலகை எழுதி மாட்டியபோது ஆழ்வாப்பிள்ளை வந்து பார்த்தார்.

"நல்ல எழுத்து ரீச்சர். ஆனால் என்ரை ஆடு பள்ளிக்கூடம் போகேல்லையே."

அதனால்தான் இந்தமுறை தெருவோரம் முழுக்க முள்முருக்கந்தடிகளை ஊன்றி, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து சுற்றிவிட்டாள். கலியாண வீட்டு முற்றத்தில் ஊன்றுகிற கன்னிக்கால் எப்படியோ, அச்சொட்டாக அப்படியே. தனியாக, விடியுமுன், ஒருவருக்கும் மூச்சு விடாமல்.

கன்னிக்கால் தழைத்தால் கட்டிய சோடி தழைக்கும். பட்டுப்போனால் என்ன ஆகுமென்று வாயால் சொல்லவும் பயப்படுகிற ஊர். அந்தப் பழியைத் தன் ஆட்டின் தலையில் ஏற்ற ஆழ்வாப்பிள்ளைக்கே துணிவில்லை.

யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுதும் இப்போது தடிகளைச் சுற்றி நின்றது.

"ஆற்றை வீட்டுக் கலியாணமடி உது?"

"ஒண்டே ரண்டே! தெரு முழுக்கவெல்லோ கலியாணம்!"

"ஒளிச்சுச் செய்யினம். முற்றத்திலை நட்டால் தெரிஞ்சுபோமெண்டு இஞ்சை நட்டிருக்கினம்."

"நடுத்தெருவிலை நட்டால் தெரியாதாக்கும்! விசர்க் கதை கதையாதையும்."

"உது கொழும்பிலை கடை வைச்சிருக்கிற ஆக்களின்ரை வேலை. பெடியன் அங்கை ஒண்டைப் பாத்திட்டான். தாய்க்காரி வளவுக்கை நட விட்டிருக்கமாட்டா."

கலியாண வயதில் குமர்ப்பிள்ளை வைத்திருந்த தாய்மார் இந்தக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எந்த மாப்பிள்ளை வீட்டார் எங்கே நட்டார்களோ, எதற்கும் இருக்கட்டுமென்று, ஒவ்வொரு தடிக்கும் செம்பு செம்பாகத் தண்ணீர் வார்த்தார்கள். நல்ல தண்ணீருக்குக் குடமும் கையுமாக நின்று சண்டை பிடிக்கிற ஊர் இது.

பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். ஒருவரும் ஏறவில்லை. இன்னும் அடித்தார். கடைசியில் தானே இறங்கி வந்து, இஞ்சினுக்கென்று வைத்திருந்த தண்ணீரை ஒரு தடிக்கு ஊற்றிவிட்டுப் போனார். அவருக்கும் வீட்டில் இரண்டு பெண்கள்.

ரீச்சர் முகத்தைக் கல்லுமதில் போல வைத்துக்கொண்டாள். "ஆரெண்டாலும் நல்லா இருக்கட்டும்" என்றாள். வயிற்றுக்குள் சிரிப்பு கொதிபானை போலத் தளதளத்தது.

அப்போதுதான் அவளுடைய பக்கத்து வீட்டுச் சீதேவியக்கா, சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

"எடி பிள்ளை! உன்ரை படலையடியிலும் ஒண்டு நிக்குது! எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே நீ!"

ரீச்சருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

தன் வீட்டு வாசல் படலையடியில் அவள் ஒன்றும் நடவில்லை.

அந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். நாற்பதைத் தாண்டியவள். கலியாணப் பேச்சு அந்தப் படலையைத் திறந்து எத்தனையோ காலம்.

பஸ்ஸை விட்டுவிட்டுச் சனம் முழுதும் அவள் பின்னால் வந்தது. படலையடியில் கொழுத்த முருக்கந்தடி, மாவிலை, மஞ்சள் துணி. அவள் கட்டியதைவிடத் துப்புரவான முடிச்சு.

பிடுங்கி எறிந்துவிட்டு, "ஆரோ பகிடி விட்டிருக்கினம்" என்று சொல்லலாம். சொன்னால், மற்றவையும் பகிடிதானோ என்று ஒருத்தியாவது கேட்பாள். மத்தியானத்துக்குள் ஆடு அவிழ்ந்துவிடும். பின்னேரத்துக்குள் தெரு மொட்டை.

பிடுங்காமல் விட்டால், இவள் வீட்டில் கலியாணம்.

நாகபூசணி தடியைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். காது மடல் இரண்டும் சுட்டன.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள். "ஒரு வாளி தண்ணி கொண்டாங்கோவன்!"

சனம் ஓவென்று ஆர்ப்பரித்தது. சீதேவியக்கா அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"மாப்பிள்ளை ஆர்? எடியே, மாப்பிள்ளை ஆரடி?"

அதை அறிகிற அவசரம் அவர்களைவிட அவளுக்குத்தான் இருந்தது. கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினாள். அத்தனை முகமும் அவளையே பார்த்து நின்றது.

ஒரு முகத்தைத் தவிர. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நடராசா. முந்தாநாள், தடி வெட்டியதில் அவள் உள்ளங்கையில் ஏறியிருந்த முருக்கமுள்ளை எடுத்து, எங்கே குத்தியதென்று ஒரு வார்த்தை கேளாமல் மருந்து போட்டுவிட்ட மனுசன்.

அவர் சைக்கிளைப் பிடித்தபடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, தடி நேராகத்தான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.