சண்டைக்கு ஆள் வேண்டும்

மனிதகுலத்தின் வாசிப்புப் பணி இத்துடன் இனிதே நிறைவுற்றது என்று வில்லவன் கல்லூரிக் கேண்டீனில் அறிவித்தான். அவன் காதில் மாட்டியிருந்த செயற்கை அறிவுப் பொத்தான் அந்த வாரம் மட்டும் முந்நூறு நாவல்களைப் படித்து, கருத்துகளையும் தயாராக வைத்திருந்தது. வாசகர் வட்டத்தில் பெனிட்டாவைத் தவிர மற்ற நால்வரிடமும் அதே பொத்தான். ஆகவே கூட்டம் மூன்றே நிமிடத்தில் ஏகமனதாக முடிந்துவிடும்.

பெனிட்டா மட்டும் ஒரே நாவலை ஒரு மாதமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மாட்டு வண்டிலதான் போறியா?" என்றான் வில்லவன்.

"ஆமா. இதுல அந்த அம்மா மகளை வீட்டுக்குள்ள விடலையே, அது சரியா தப்பா? சொல்லு."

பொத்தான் சொன்னதை ஒப்பித்தான். "இரு தரப்பிலும் நியாயம் உண்டு."

"இதையேதான் அந்த நாலு பேரும் சொன்னாங்க. சண்டை போட ஒரு ஆள் இல்லாத வட்டம் எனக்கு எதுக்குடா? அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல."

அவள் இல்லாத கூட்டத்தை வில்லவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நூலகத்தில் அதே நாவலை எடுத்தான். பொத்தானைக் கழற்றிவிட்டு நான்கு நாள் படித்தான். ஐந்தாம் நாள் கேண்டீனிலிருந்து செய்தி அனுப்பினான்: "அந்த அம்மா செஞ்சது அநியாயம்."

"அநியாயமா? அங்கயே இரு, வர்றேன்!"

அவள் வருவதற்குள் அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை, விரல் வைத்து, படிக்கத் தொடங்கினான்.