மாற்றிய மை

பேனர் அடிக்கும் மெஷினில் கம்பெனி மையை நிறுத்திவிட்டு, விலை மலிவான வெளி மையை ஊற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த மையில் முதல் பேனர் வாங்கிப்போன பாலம் கான்ட்ராக்டர், விறுவிறுவென்று கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து நின்றார்.

"கலர் நிக்காதுன்னு அப்பவே சொன்னேன்," என்று முணுமுணுத்தாள் மனைவி.

"மையை மாத்தினியா?" என்றார் கான்ட்ராக்டர்.

"ஆமா சார். மங்கிட்டா சொல்லுங்க, வேற பேனர் சும்மாவே அடிச்சுத் தரேன்."

"மங்கவே இல்லையேய்யா! உன் பழைய மை ரெண்டு மழையில வெளுத்துடும். அதுக்குத்தானே எப்பவும் உன்கிட்ட வர்றேன்!"

"அப்புறம் என்ன சார் பிரச்சினை?"

"'மூன்றே மாதத்தில் பாலம் திறக்கப்படும்'னு ஒரு வருஷமா பளிச்சுன்னு நிக்குது. படகுல போறவனெல்லாம் சத்தமா படிச்சுட்டுப் போறான்!"